போன பயம் திரும்பும் வழி

மூன்று வயது நிறையாத பீட்டர் என்ற சிறுவனுக்கு முயல் என்றால் நடுக்கம். வெள்ளை எலி, கம்பளி, பஞ்சு என்று மெத்தென்ற எதைக் கண்டாலும் அழுவான். உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக முயலுக்குப் பழக்கினார். கூண்டில் அடைத்த முயல் முதலில் தூரத்தில் இருந்தது, பிறகு பக்கத்தில் வந்தது. பயமில்லாத மற்றக் குழந்தைகளும் கூடவே விளையாடினார்கள். பையனின் பயம் நன்றாகவே இறங்கிவந்தது. இடையில் அவனுக்குச் செங்காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் சேர்த்தார்கள். குணமாகி வெளியே வரும்போது பெரிய நாய் ஒன்று பாய்ந்து அவனை மிரட்டிவிட்டது. மறுபடி ஜோன்ஸிடம் வந்தபோது முயல் பயம் ஆரம்ப நிலைக்கே போயிருந்தது. முயல் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஜோன்ஸ் சளைக்காமல், அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்தபடியே முயலை நெருங்கவைக்கும் முறைக்கு மாறினார். கடைசியில் பையன் முயலைத் தடவிக்கொடுத்தான். 1924-இல் வெளியான அந்த அறிக்கையை நடத்தைச் சிகிச்சையின் தொடக்கம் என்று பாடநூல்கள் கொண்டாடுகின்றன. பயம் போன கதைதான் மேற்கோளாகிறது. நடுவில் அது திரும்பி வந்த கதையை அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொண்டிருக்க வேண்டும். ஓர் இளம் உயிர் கற்ற நடத்தை ஒருநாள் காணாமல் போனால், கற்றது அழிந்துவிட்டதா அல்லது வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கிடக்கிறதா? கடந்த அறுபது ஆண்டுகளாக எலி, சுண்டெலி, கினிப்பன்றி, கூகை, மனிதக் குழந்தை என்று பல உயிர்களிடம் இந்தக் கேள்வி கேட்கப்பட்டுவருகிறது. காணாமல் போவதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, நாள்பட்டு மறப்பது. மற்றது, பீட்டருக்கு நடந்ததுபோல் எதிர்ப் பயிற்சியால் தணிப்பது. மறதியை ஆய்ந்தவர்கள் ஒரு முகாம், தணிப்பை ஆய்ந்தவர்கள் இன்னொரு முகாம். இரு தரப்பு ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், “குட்டிப் பருவத்தில் கற்றது உண்மையிலேயே அழியும்” என்ற கூற்று அது பெற்ற புகழுக்குத் தகுதியானதல்ல என்றே எனக்குப் படுகிறது. வயதோடு மாறுவது, எது அந்தக் கற்றலைத் திரும்ப வரவழைக்கும் என்பதுதான். அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் மறதி. 1962-இல் கேம்ப்பெல் தம்பதியர் செய்த பரிசோதனை மிக எளிமையானது. இரண்டு அறைகள் கொண்ட பெட்டியில் ஒரு பக்கம் எலிக்கு லேசான மின்னதிர்ச்சி கிடைக்கும், மறுபக்கம் கிடைக்காது. பிறந்து 18, 23, 38, 54, 100 நாளான எலிகளுக்கு இதைக் கற்பித்தார்கள். எல்லா வயது எலிகளும் அப்போதைக்கு நன்றாகவே கற்றன. வேறுபாடு பிற்பாடுதான் தெரிந்தது. 100 நாள் எலிகள் 42 நாள் கழித்தும் அதிர்ச்சி தந்த பக்கத்தை அண்டவில்லை. 18 நாள் குட்டிகளோ 21 நாள் கழித்துக் கொண்டுவந்து விட்டபோது, அப்படி ஒன்று நடந்ததே இல்லை என்பதுபோல் உலாவின. மனிதர்களாகிய நமக்கும் முதல் மூன்று நான்கு வருடங்களின் நினைவு இல்லை. ஃப்ராய்ட் அதற்கு அடக்கப்பட்ட பாலுணர்வைக் காரணமாக்கினார். மொழி வராததே காரணம் என்றவர்களும் உண்டு. எலிக்கு மொழியும் இல்லை, ஃப்ராய்டும் இல்லை. ஆகவே குழந்தைப் பருவ மறதிக்கு உடலில்தான் காரணம் தேட வேண்டியிருந்தது. இதற்கு வலுச்சேர்த்தது கினிப்பன்றி. கண் திறந்து, மயிர் முளைத்து, ஓடியாடும் நிலையிலேயே பிறக்கும் அந்தப் பிராணியின் குட்டிகள் பெரியவற்றைப் போலவே நினைவில் வைத்திருப்பதை பைரன் கேம்ப்பெல்லும் அவருடைய குழுவினரும் 1974-இல் காட்டினர். ஆக, இந்த மறதியைத் தீர்மானிப்பது பிறந்தபின் கடந்த நாட்கள் அல்ல. மூளை எந்த அளவு முதிர்ந்திருக்கிறது என்பதே.

அந்தச் சமயத்தில் பலரும் எண்ணியது, முதிராத மூளையால் நினைவைச் சேமித்துவைக்க முடியவில்லை என்பதுதான். அந்த எண்ணத்தில் முதல் ஓட்டையைப் போட்டவரும் அதே பைரன் கேம்ப்பெல்தான் என்பது இத்துறையின் சுவையான செய்தி. 1966-இல் அவரும் ஜூலியன் ஜேன்ஸும் சேர்ந்து இளம் எலிகளை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். முதல் குழுவுக்குப் பயிற்சி மட்டும். இரண்டாம் குழுவுக்குப் பயிற்சி கிடையாது. வாரம் ஒருமுறை ஒரே ஓர் அதிர்ச்சி மட்டும். மூன்றாம் குழுவுக்கு இரண்டும். நாலு வாரம் கழித்து முதல் குழு மறந்திருந்தது. இரண்டாம் குழு எதையும் கற்றிருக்கவில்லை. மூன்றாம் குழு பயத்தை அப்படியே வைத்திருந்தது. வாரத்துக்கு ஓர் அதிர்ச்சி எதையும் புதிதாகக் கற்பிக்கப் போதாது. ஆனால் இருந்ததை உயிரோடு வைத்திருக்கப் போதும். பிள்ளைப் பருவ அனுபவம் பெரியவர்களாகும் வரை எப்படி நீடிக்கிறது என்ற புதிருக்கு அவர்கள் சொன்ன விடை இதுதான்: வீடு, ஊர், உறவுகள் என்று வாழ்க்கையே அவ்வப்போது துண்டு துண்டாக அந்த அனுபவத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருக்கிறது.

அவர்கள் காட்டியது நினைவு கலையாமல் காக்கப்படுவதை. முழுதாக மறந்துபோனதை மீட்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. அதற்கு மிகத் தெளிவான விடையைத் தந்தவர் கரோலின் ரோவி-கோலியர். தன் கைக்குழந்தையைச் சமாளிக்க, தொட்டிலுக்கு மேலே தொங்கும் பொம்மைச் சரத்தை நாடாவால் குழந்தையின் கணுக்காலோடு கட்டிவிட்டவர் அவர். குழந்தை உதைத்தால் பொம்மைகள் ஆடும். உதைத்தால் ஆடுகிறது என்பதை மூன்று மாதக் குழந்தை சில நிமிடங்களிலேயே பிடித்துக்கொள்கிறது. ஏறத்தாழ ஒரு வாரம் வரை நினைவிருக்கும். இரண்டு வாரத்தில் மறந்துவிடும். 1980-இல் அவரும் சகாக்களும் செய்தது இது. மறந்திருக்க வேண்டிய கட்டத்துக்கு முந்தைய நாள், பொம்மைச் சரத்தை ஆய்வாளரே மறைவிலிருந்து மூன்று நிமிடம் ஆட்டிக் காட்டினார். குழந்தையின் கால் அதோடு கட்டப்படவில்லை; எதையும் புதிதாகக் கற்க வழியில்லை. மறுநாள் நாடாவைக் கட்டியதும் குழந்தை பயிற்சி முடிந்த நாளில் உதைத்த வேகத்திலேயே உதைத்தது. பயிற்சியே பெறாத குழந்தைகளுக்கு அதே நினைவூட்டலைக் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. பயம், வலி, மின்சாரம் எதுவும் இல்லாத இந்தப் பரிசோதனையை இத்துறையின் அழகான பரிசோதனை என்பேன். நார்மன் ஸ்பியர் அதற்கு முன்பே எலிகளை வைத்து வாதிட்டுவந்ததும் இதைத்தான்: மறதி பெரும்பாலும் எடுக்க முடியாமையே தவிர, இல்லாமை அல்ல.

இனித் தணிப்புக்கு வருவோம். மணியோசை கேட்டால் எச்சில் ஊறப் பழகிய நாய்க்கு, உணவு தராமல் மணியை மட்டும் அடித்துக்கொண்டே போனால் எச்சில் நின்றுவிடும். சற்று ஓய்வு கொடுத்து மறுபடி அடித்தால் எச்சில் மீண்டும் ஊறும். பாவ்லோவே கண்டது இது. வளர்ந்த விலங்குகளில் தணிந்த நடத்தை திரும்ப மூன்று வாசல்கள் உண்டு என்பது பிற்காலத்தில் உறுதிப்பட்டது. காலம் கடப்பது ஒன்று. இடம் மாறுவது இரண்டாவது: ஓர் அறையில் தணித்த பயம் வேறோர் அறையில் தலைதூக்கும். மூன்றாவது, பீட்டரின் நாய்: தணித்தபின் எங்கிருந்தோ வரும் ஓர் அதிர்ச்சி பழைய பயத்தையும் இழுத்துவருவது. இதை எலிகளில் ரெஸ்கொர்லாவும் ஹெத்தும் 1975-இல் விரிவாகக் காட்டினர். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் பௌட்டன் பல ஆண்டு ஆய்வுகளால் இவற்றை ஒரே கோட்பாட்டில் கோத்தார். தணிப்பு பழைய பாடத்தை அழிப்பதில்லை. அதன்மேல் ‘இங்கே, இப்போது ஆபத்தில்லை’ என்ற புதுப் பாடத்தை ஏற்றுகிறது. அந்தப் புதுப் பாடம் இடத்தோடும் காலத்தோடும் ஒட்டியது. இடமோ காலமோ மாறினால் பழையது மேலே வந்துவிடும்.

இந்தப் பின்னணியில்தான் 2007-இல் சிட்னியிலிருந்து வந்த செய்தி எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜீ ஹ்யூன் கிம்மும் ரிக் ரிச்சர்ட்சனும் 16 நாள் குட்டிகளையும் 23 நாள் குட்டிகளையும் ஒப்பிட்டனர். இரைச்சல் கேட்டால் காலடியில் அதிர்ச்சி வரும் என்று கற்பித்து, குட்டி உறைந்து நிற்கும் நேரத்தை அளந்தார்கள். பிறகு அதிர்ச்சி இல்லாமல் இரைச்சலை மட்டும் கேட்கவைத்துத் தணித்தார்கள். 23 நாள் குட்டிகள் பெரிய எலிகளைப் போலவே நடந்துகொண்டன: இடத்தை மாற்றினாலும், நினைவூட்டும் அதிர்ச்சி ஒன்று கொடுத்தாலும் பயம் திரும்பியது. 16 நாள் குட்டிகளிடம் திரும்பவே இல்லை. இடையில் ஒரு வாரம்தான், ஆனால் இரண்டும் வெவ்வேறு உலகம் போல் இருந்தன.

மூளைக்குள் பார்த்தபோதும் அதே கதைதான். காபா என்ற அடக்கும் வேதிப்பொருளின் வேலையைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தால் 23 நாள் குட்டியில் தணிந்த பயம் வெளிவந்தது. 16 நாள் குட்டியில் வரவில்லை. அடக்கிவைத்திருந்தால்தானே அடக்குமுறையைத் தளர்த்தும்போது வெளியே வரும்? அச்சத்துக்கு மையமான அமிக்டலா இரு வயதுகளிலும் தணிப்புக்குத் தேவைப்பட்டது. ஆனால் அமிக்டலாவைக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் புறணியைத் தற்காலிகமாக முடக்கினால் பெரிய குட்டிகளின் தணிப்பு மட்டுமே கெட்டது. 17 நாள் குட்டிகளுக்கு அந்தப் பகுதி இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். 2009-இல் இந்தப் படத்தை நிறைவு செய்வதுபோல் ஸ்விட்சர்லாந்திலிருந்து நாடின் கொகோல்லா, ஆண்ட்ரியாஸ் லூதி, சிரில் ஹெரி முதலியோரின் கட்டுரை ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. சுண்டெலிகளின் அமிக்டலாவில், ஏறத்தாழ இதே மூன்றாவது வாரத்தில், நரம்பணுக்களைச் சுற்றி வலைபோன்ற உறை படர்கிறது. வளர்ந்த சுண்டெலியில் நொதி ஒன்றைச் செலுத்தி அந்த வலையைக் கரைத்துவிட்டு, பிறகு பயத்தைக் கற்பித்துத் தணித்தால், பெரிய சுண்டெலியும் குட்டியைப் போலவே ஆகிவிடுகிறது, பயம் திரும்புவதில்லை. பயத்தைக் கற்றபின் வலையைக் கரைத்தால் பயனில்லை. வலை கவிந்த நிலையில் பதிந்த நினைவு பாதுகாப்பாகவே இருக்கிறது.

குட்டிப் பருவத்தில் பயத்தை அழிக்கலாம், அதற்கு ஒரு சாளரம் உண்டு, வலை படர்ந்ததும் சாளரம் மூடுகிறது: கேட்க எவ்வளவு நன்றாயிருக்கிறது! சிறுவயதிலேயே சிகிச்சை கொடுத்தால் நிரந்தரமாகத் தீரும் என்று எதிர்பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது? மறுஆய்வுக் கட்டுரைகளும் செய்திகளும் அப்படியே எழுதின. எனக்கு இங்கே மூன்று தயக்கங்கள்.

முதலாவது, ‘திரும்பவில்லை’ என்ற முடிவு எப்போதும் பலவீனமான முடிவு. ஒன்று திரும்பி வந்தால் அது இருந்தது என்று உறுதி. வராவிட்டால் இல்லை என்றும் பொருள்படலாம். நாம் சரியான கதவைத் தட்டவில்லை என்றும் பொருள்படலாம். இரண்டாவது, காலம் கடந்தபின் தானாகத் திரும்புகிறதா என்று 16 நாள் குட்டியிடம் சோதிப்பதில் அடிப்படைச் சிக்கல் உண்டு. தணிக்காவிட்டாலும் அந்தக் குட்டி சில நாட்களில் மறந்துவிடக்கூடியது. மறதியும் தணிப்பும் ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருக்கும்போது எது எதைச் செய்தது என்று பிரிப்பது கடினம். மூன்றாவதும் முக்கியமானதுமான தயக்கம், குட்டிக்கு ‘இடம்’ என்பது என்ன என்பது. எலிக்குட்டி கண் திறப்பதே இரண்டு வாரம் ஆனபிறகு. 16 நாளில் பார்வை வந்து ஒன்றிரண்டு நாள்தான் ஆகியிருக்கும். அதுவரை அதன் உலகம் மணமும் தொடுகையும் வெதுவெதுப்பும் மட்டுமே. சுவரின் நிறத்தையும் வெளிச்சத்தையும் மாற்றிவிட்டு, ‘இடத்தை மாற்றினோம், பயம் திரும்பவில்லை’ என்று சொன்னால், குட்டியைப் பொறுத்தவரை இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.

அர்ஜென்டினாவின் கார்டோபா நகரில் கார்லோஸ் அரியாஸின் குழு கேட்டது அதைத்தான். சூழலை மணத்தால் செறிவாக்கினால் பால்குடி மாறாத குட்டிகளின் சூழல் கற்றல் மேம்படுவதை அவர்கள் கண்டனர். 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஒரு சுவையை வெறுக்கக் கற்ற பால்குடிக் குட்டிகளிடம் அந்த வெறுப்பைத் தணித்தபின், இடம் மாற்றியும் நினைவூட்டியும் அதைத் திரும்ப வரவழைத்தனர். 2016-இல் சிட்னிக் குழு பயன்படுத்தியதற்கு நெருங்கிய பய முறையிலேயே, 17 நாள் குட்டிகளிடமும் 24 நாள் குட்டிகளிடமும் நினைவூட்டும் அதிர்ச்சியால் தணிந்த பயம் திரும்புவதைக் காட்டினர். சிட்னி முடிவுகள் பொய் என்று இதற்குப் பொருளில்லை. அவை பலமுறை மீண்டும் கிடைத்தவை. முன்மூளைப் புறணி இன்னும் பங்கேற்கத் தொடங்காத குட்டியில் பயம் திரும்புவது கடினம். ஆனால் ‘கடினம்’ என்பதற்கும் ‘அழிந்தது’ என்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை ஆய்வுலகம் சற்று அவசரமாகத் தாண்டிவிட்டது.

அந்தத் தூரத்தை நிர்ணயிப்பதில் குட்டியின் வயதுக்கு இணையான பங்கு அதன் தாய்க்கு இருக்கிறது. இந்த ஆய்வுகளில் நான் அதிகம் நின்று படித்த பகுதி இதுதான். ரெஜினா சல்லிவன் பல ஆண்டுகளாகக் காட்டிவருவது: பத்து நாளுக்குக் குறைந்த குட்டிக்கு ஒரு மணத்தோடு அதிர்ச்சியைச் சேர்த்துக் கொடுத்தால், அது அந்த மணத்தை வெறுப்பதில்லை, விரும்பி நாடுகிறது. முதலில் கேட்கும்போது கொடுமையாகத் தோன்றும். ஆனால் கண் தெரியாத குட்டிக்கு வலி எங்கிருந்து வரும்? கூட்டுக்குள் தாய் மிதிப்பதிலிருந்தும், வாயில் கவ்வித் தூக்குவதிலிருந்தும்தான். தாயின் மணத்தை வெறுத்து விலகினால் பால் கிடைக்காது, உயிர் மிஞ்சாது. பத்து நாளுக்குப் பிறகு குட்டி அதிர்ச்சிதரும் மணத்தை வெறுக்கக் கற்கிறது. ஆனால் சுமார் 15 நாள் வரை தாய் பக்கத்தில் இருந்தால் பழையபடி விரும்பவே செய்கிறது. தாயின் இருப்பு குட்டியின் உடலில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிகோஸ்டீரோன் ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. அந்த ஹார்மோன் ஏறாவிட்டால் அமிக்டலா அச்சத்தைப் பதிவதில்லை.

இந்தத் தாய் இல்லாமற் போனால்? ப்ரிட்ஜெட் கேலகனும் ரிச்சர்ட்சனும் பிறந்த இரண்டாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை தினமும் மூன்று மணி நேரம் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துவைத்தனர். பிறகு 17 நாளில் சோதித்தபோது அவை வளர்ந்த எலிகளைப் போல நடந்துகொண்டன. தணித்த பயம் இடம் மாறியதும் திரும்பியது, நினைவூட்டலாலும் திரும்பியது. கற்ற பயமும் சாதாரணக் குட்டிகளைவிட நீண்ட நாள் நிலைத்தது. தாய் குடிக்கும் தண்ணீரில் கார்ட்டிகோஸ்டீரோனைக் கலந்து, பிரிக்காமலேயே விட்டாலும் இதே விளைவு. பின்னர் கெய்ட்லின் கோவன் இவர்களோடு சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பிரிவை அனுபவித்த குட்டிகளின் தாய்க்குக் குடிநீரில் லாக்டோபேசில்லஸ் வகை நுண்ணுயிரிகளைக் கொடுத்தபோது, குட்டிகள் தம் வயதுக்குரிய நிலைக்கே மீண்டன. குடலில் வாழும் நுண்ணுயிர் பயத்தின் நினைவை எப்படித் தொடுகிறது என்பது தனிக் கட்டுரைக்குரியது. இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. ‘16 நாள் குட்டி’ என்று ஒன்று பொதுவாகக் கிடையாது. எந்தத் தாயிடம், எத்தகைய கூட்டில் வளர்ந்த 16 நாள் குட்டி என்று கேட்டுத்தான் மேலே பேச முடியும். துன்பப்பட்ட குட்டி சீக்கிரம் முதிர்கிறது. பயம் திரும்பும் வாசல்களும் அதற்குச் சீக்கிரம் திறந்துவிடுகின்றன. நம்பிக்கையோடு பேசப்பட்ட அந்தச் சாளரம், அது மிகவும் தேவைப்படும் குட்டிகளுக்குத்தான் முதலில் மூடுகிறது.

இதற்கிடையே மறதி முகாமில் கருவிகள் மாறிவிட்டன. 2014-இல் டொராண்டோவில் ஷீனா ஜோசலினும் பால் ஃப்ராங்லண்டும் நடத்தும் ஆய்வகம், மறதிக்கு ஒரு காரணத்தைக் கைகாட்டியது. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸில் பிறந்தபிறகும் புது நரம்பணுக்கள் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. குட்டிப் பருவத்தில் மிக அதிகமாக. இந்தப் புது அணுக்கள் வந்து சேர்வதால் பழைய நினைவுக்குப் போகும் பாதை மாறிவிடுகிறது. வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் வாசலை இடித்து வேறு பக்கம் வைத்துக் கட்டிவிட்டால், பழைய முகவரியோடு வரும் தபால்காரர் தெருவிலேயே நிற்க வேண்டியதுதான். வீடு எங்கும் போய்விடவில்லை. வளர்ந்த சுண்டெலிகளைச் சக்கரத்தில் ஓடவிட்டுப் புது நரம்பணுக்களைப் பெருக்கியபோது அவை முன்பு கற்றதை மறந்தன. குட்டிகளில் அந்தப் பெருக்கத்தைக் குறைத்தபோது நினைவு நீடித்தது. முன்பே சொன்ன, மறக்காத கினிப்பன்றிக் குட்டியில் இப்பெருக்கம் இயல்பிலேயே குறைவு. செயற்கையாகக் கூட்டியதும் அதுவும் மறந்தது.

ஆனால் வீடு போய்விடவில்லை என்பதற்குச் சான்று? 2016-இல் நியூயார்க்கில் கிறிஸ்டினா அல்பெரினியின் குழு 17 நாள் எலிக்குட்டிகளுக்கு ஓர் அறையைத் தவிர்க்கக் கற்பித்தது. அவை அடுத்த நாளே மறந்தவைபோல் நடந்தன. சில நாள் கழித்து அந்த அறையை மறுபடி காட்டி, இரண்டு நாள் விட்டு, முற்றிலும் வேறான ஒரு பெட்டியில் ஓர் அதிர்ச்சி கொடுத்தார்கள். மறந்துபோன அறையைக் குட்டிகள் அதன்பின் உறுதியாகத் தவிர்த்தன. கற்பிக்காத குட்டிகளுக்கு இதே நினைவூட்டல்கள் எதையும் செய்யவில்லை. 2018-இல் டொராண்டோ குழு இன்னும் நேரடியாகவே சென்றது. 17 நாள் சுண்டெலிக் குட்டி பயத்தைக் கற்கும் அந்த வேளையில் எந்தெந்த நரம்பணுக்கள் இயங்கின என்பதை மரபணு உத்தியால் குறியிட்டு வைத்தனர். மூன்று மாதம் கழித்து, வளர்ந்து, எல்லாவற்றையும் மறந்திருந்த சுண்டெலியின் அந்த நரம்பணுக்களை மட்டும் ஒளியால் தூண்டினர். சுண்டெலி உறைந்து நின்றது. இவ்வளவு காலம் கழித்தும் உள்ளே ஏதோ ஒன்று முழுதாக இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் திட்டவட்டமான சான்று வேறில்லை. இயற்கையான வாழ்க்கையில் யாரும் நம் தலைக்குள் ஒளி பாய்ச்சப்போவதில்லை, அதனால் ‘இருக்கிறது’ என்பது ‘திரும்பும்’ என்பதற்கு ஈடல்ல என்ற எதிர்வாதம் நியாயமானதே. ஆனால் அல்பெரினியின் குட்டிகளுக்கு ஒளி தேவைப்படவில்லை. ஓர் அறையும் ஓர் அதிர்ச்சியுமே போதுமாயிருந்தன.

எலிக்கூண்டை விட்டு வெளியே வந்தாலும் இதே சித்திரம்தான், வலியில்லாத வடிவில். ஸ்டான்ஃபோர்டில் எரிக் நுட்சன் இளம் கூகைகளுக்குப் பார்வையை 23 பாகை பக்கவாட்டில் திருப்பும் பட்டகக் கண்ணாடிகளை மாட்டிவிட்டார். கண் காட்டும் இடத்தோடு காது சொல்லும் இடம் பொருந்தும்படி அவை தம் செவிப்புல வரைபடத்தைத் திருத்திக்கொண்டன. கண்ணாடியைக் கழற்றியதும் பழைய இயல்புநிலைக்கு வந்தன. வளர்ந்தபின் முதன்முறையாகக் கண்ணாடி மாட்டப்படும் கூகையால் இவ்வாறு திருத்திக்கொள்ள முடியாது. ஆனால் சிறுவயதில் ஒருமுறை கற்றுவிட்ட கூகைக்கு, வளர்ந்தபிறகு அதே கண்ணாடியை மாட்டினால் அந்த வரைபடம் திரும்ப வருகிறது என்பதை 1998-இல் நுட்சன் காட்டினார். பயன்படாத காலத்திலும் இளமையில் உருவான நரம்பிணைப்புகள் மூளையில் எஞ்சியிருந்ததை அவரது குழு 2005-இல் கண்டது. வட அமெரிக்காவின் வெண்முடிச் சிட்டின் இளம் ஆண்கள் பல பாட்டுகளைக் கற்று, எல்லை பிடிக்கும் பருவத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடும். அப்படிக் கைவிட்ட பாட்டுகள் அடுத்த ஆண்டுப் பாடும் பருவத்தில் மறுபடி வெளிவருவதுண்டு என்று 2000-இல் பதிவாயிற்று.

நாய் வளர்ப்பவர்களுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் ஒன்று. ஐந்து மாதத்தில் ‘உட்கார்’ என்றதும் உட்கார்ந்த குட்டி, எட்டு மாதத்தில் காது கேளாததுபோல் நிற்கும். கற்பித்ததெல்லாம் போயிற்று என்று பலர் சலித்துக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான். லூசி ஆஷரும் சகாக்களும் 2020-இல் வழிகாட்டி நாய்ப் பயிற்சிக்கு வளர்க்கப்பட்ட குட்டிகளைக் கவனித்தபோது, எட்டு மாத நாய் தன்னை வளர்ப்பவரின் சொல்லை மட்டுமே உதாசீனம் செய்தது. அறிமுகமில்லாதவர் அதே சொல்லைச் சொன்னால் உட்கார்ந்தது. ஒரு வயதை நெருங்கியதும் வளர்ப்பவரிடமும் கீழ்ப்படிதல் திரும்பியது. அந்த நாயிடம் குறைந்தது பாடம் அல்ல, யாரிடம் அதைக் காட்டுவது என்ற விருப்பம்தான்.

விடலைப் பருவத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. 35 நாள் எலி, அதாவது நம் கணக்கில் விடலை, தணிப்புப் பயிற்சியின்போது நன்றாகவே தணிகிறது. மறுநாள் பார்த்தால் பயம் பெரும்பகுதி திரும்பியிருக்கிறது. குட்டியையும் பெரியதையும்விட இதற்குத் தணிப்பு நிலைப்பது கடினம். பயிற்சியை இரட்டிப்பாக்கினால் நிலைக்கிறது. 2012-இல் சியோபன் பாட்வெல் குழுவினர் சுண்டெலிகளோடு மனித விடலைகளிடமும் இதே தணிப்புக் குறைவைக் கண்டனர். பதற்றக் கோளாறுகள் தலைதூக்கும் வயதும் இதுவே என்பதால், பெரியவர்களுக்கான சிகிச்சை முறையை அதே அளவில் பதினைந்து வயதினருக்குக் கொடுப்பது சரியா என்ற கேள்வி மருத்துவர்களுக்கு நடைமுறைக் கேள்வி. ‘சீக்கிரம் தொடங்கினால் முழுதாக அழியும்’ என்ற எதிர்பார்ப்பைவிட, ‘இந்த வயதில் கூடுதல் அமர்வுகள் தேவைப்படும், வேறு வேறு இடங்களில் நடத்த வேண்டும், திரும்பினால் அதிர்ச்சியடையாமல் தொடர வேண்டும்’ என்ற கணக்கு அவர்களுக்கு அதிகம் உதவும். ஜோன்ஸ் 1924-இல் பீட்டரிடம் செய்தது கிட்டத்தட்ட அதுதான்.

கடைசியாக, இவ்வளவு நேரம் ‘குட்டி’ என்றே எழுதிவந்தேன். ஆய்வுகளும் நெடுங்காலம் அப்படித்தான் எழுதின. அந்தக் குட்டிகளில் பெரும்பாலானவை ஆண்கள். மெல்பர்னுக்கு இடம்பெயர்ந்த ஜீ ஹ்யூன் கிம், 2017-இல் தன் குழுவினரோடு 18 நாள் எலிகளை ஆண், பெண் என்று பிரித்துச் சோதித்தார். ஆண் குட்டிகள் முந்தைய ஆய்வுகள் சொன்னதுபோலவே இருந்தன. தணித்த பயம் திரும்பவில்லை. பெண் குட்டிகளிடமோ இடம் மாறினாலும் திரும்பியது, நினைவூட்டினாலும் திரும்பியது, சும்மா காலம் கடந்தபோதும் திரும்பியது. அழிப்பு என்ற கருத்தைத் துறைக்குத் தந்தவரே அதன் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார் என்றுதான் இதை வாசிக்கிறேன். மறதிப் பக்கத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. டப்ளினில் டோமாஸ் ரையனின் ஆய்வகம் 2023-இல் வெளியிட்டபடி, கருவுற்றிருந்தபோது நோயெதிர்ப்பு தூண்டப்பட்ட தாய்ச் சுண்டெலிகளின் ஆண் குட்டிகள் குழந்தைப் பருவத்தில் கற்றதை மறக்கவே இல்லை. பெண் குட்டிகள் வழக்கம்போல மறந்தன.